சமவெளியில் சிக்கும் சீட்

கிருமாம்பாக்கத்திலிருந்து எந்தப் பக்கம் சைக்கிளை மிதித்தாலும் மேடு என்று சொல்ல ஏரிக்கரையும் ஆற்றங்கரையும்தான் உண்டு. மேற்கே பாகூர் ஏரி, தெற்கே தென்பெண்ணை, கிழக்கே பனித்திட்டு, நரம்பை என்று மணல் ஊர்கள். மிச்சமெல்லாம் நெல்லும் கரும்பும் விளைகிற தட்டையான வண்டல் நிலம். கண்ணுக்கு மலை என்று ஒன்று தெரிய வேண்டுமானால் புதுச்சேரியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தள்ளிச் செஞ்சிக்குத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட ஊரை வைத்துக்கொண்டு, மலையிறக்கத்துக்காகவே பிறந்த ஒரு சைக்கிள் பாகத்தைப் பற்றி எழுதுவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பாகம் மலைநாட்டைவிட இங்கேதான் சீக்கிரம் மக்கர் செய்யும்.

பாகத்தின் பெயர் டிராப்பர் சீட் போஸ்ட். சாதாரண சைக்கிளில் சீட்டை ஏற்றி இறக்க ஸ்பேனர் எடுத்து நட்டைத் தளர்த்தி, சீட்டை இடமும் வலமும் திருகி இழுத்து, மறுபடி முறுக்க வேண்டும். டிராப்பரில் அந்த வேலையெல்லாம் இல்லை. ஹேண்டில்பாரில் உள்ள சின்ன லீவரைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு உடம்பின் எடையைப் போட்டால் சீட் இறங்கும். எடையை எடுத்துவிட்டு மறுபடி அழுத்தினால் தானாக மேலே வரும். மிதிக்கும்போது கால் நன்றாக நீள சீட் உயரத்தில் இருக்க வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் உடம்பைத் தாழ்த்திப் பின்னால் தள்ள அதே சீட் வழிவிட வேண்டும். ஓடுகிற வண்டியிலேயே இரண்டும் நடப்பதுதான் இதன் சிறப்பு.

இந்த ஆசை மவுண்டன் பைக் அளவுக்கே பழையது. கலிஃபோர்னியாவில் மவுண்டன் பைக்கைத் தொடக்க காலத்தில் வடிவமைத்தவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ், ஜாஷ் ஏஞ்சலுடன் சேர்ந்து 1984-இல் ‘ஹைட்-ரைட்’ என்ற ஸ்பிரிங்கைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கிளாம்பைத் தளர்த்தினால் சீட்டை அது மேலே தூக்கிக் கொடுக்கும், அவ்வளவுதான். ஹேண்டில்பாரிலிருந்தே இயக்கும் ஹைட்ராலிக் வகையை ராக்‌ஷாக்ஸ் நிறுவனத்தின் ‘ரிவெர்ப்’ 2010-இல் பரவலாக்கியது. சாலைப் பந்தயக்காரர்கள் இதை வெகுநாள் ஏளனமாகத்தான் பார்த்தார்கள். 2022 மார்ச் 19 அன்று மிலான்–சான் ரெமோ பந்தயத்தில் ஸ்லோவேனியாவின் மத்தேய் மொஹோரிச், ரோட் பைக்கிலேயே டிராப்பர் மாட்டிக்கொண்டு வந்து, பொஜ்ஜோ குன்றின் இறக்கத்தில் எல்லோரையும் விட்டு விலகி வென்ற பிறகு அந்த ஏளனம் கொஞ்சம் அடங்கியது.

சமவெளியிலும் இதற்குப் பயன் இல்லாமல் இல்லை. தவளக்குப்பம் சந்திப்பில் பேருந்துகளுக்கு நடுவே நிற்கும்போது சீட்டை இறக்கிவிட்டு இரண்டு காலையும் தரையில் ஊன்றலாம். உயரம் குறைந்தவர்களுக்கும் மூட்டுவலிக்காரர்களுக்கும் ஏறி இறங்க வசதி. ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும்: நம் பக்கத்தில் டிராப்பர் உள்ள பைக்கை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் லீவரைத் தொடுவதே இல்லை. சீட் ஒரே உயரத்தில் வாரக்கணக்கில் நிற்கிறது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

அதைப் புரிந்துகொள்ள உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அலுமினியக் குழாய்கள். கீழ்க்குழாயைக் கிளாம்ப் பிரேமோடு இறுக்கிப் பிடிக்கிறது. மேல்குழாய் அதற்குள் வழுக்கி ஏறி இறங்குகிறது. நடுவே கார்ட்ரிட்ஜ் என்று ஒரு மூடிய உருளை. பெரும்பாலானவற்றில் அதற்குள் உயர் அழுத்தத்தில் வாயுவும், வேண்டிய உயரத்தில் பூட்டி நிறுத்த எண்ணெயும் இருக்கும். உருளையின் நுனியில் உள்ள சிறு பின்னை அழுத்தினால் வால்வு திறந்து பூட்டு விலகும், விட்டால் மூடிக்கொள்ளும். ஆபீஸ் சுழல் நாற்காலி உயர்ந்து தாழ்வதும் இதே குடும்பத்துப் பொறியால்தான். லீவரிலிருந்து வரும் கேபிள் செய்வதெல்லாம் அந்தப் பின்னை அழுத்துவது மட்டுமே. சீட்டைத் தூக்குவது கேபிள் இல்லை, வாயு.

எவ்வளவு விசையோடு தூக்குகிறது? கார்ட்ரிட்ஜில் பிஸ்டனின் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அழுத்தம் இருப்பதால், மிஞ்சி நிற்கும் விசை என்பது தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பை அழுத்தத்தால் பெருக்கினால் வருவதுதான். கணக்குக்கு 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டு, 20 பார் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு 0.785 சதுர சென்டிமீட்டர். விசை சுமார் 16 கிலோ எடைக்குச் சமம். கீழே இறக்குவதற்கு 60, 70 கிலோ உடம்பு இருக்கிறது. மேலே ஏற்றுவதற்கு இந்தப் பதினாறு கிலோதான், அதிலும் உராய்வு எடுத்துக்கொண்டது போக மீதி. அதனால்தான் டிராப்பரின் நோய் எப்போதும் ஏறும்போது முதலில் தெரிகிறது. சீட் இறங்குவது சரியாகவே இருக்கும். ஏறுவது மட்டும் ஆமை வேகத்தில், அல்லது பாதியில் நின்று கையால் இழுத்தால் வரும்.

குளிர் காரணமாக இருக்குமோ என்று சிலர் கேட்பார்கள். மணாலியில் இருக்கலாம். 35 டிகிரியில் 20 பார் காட்டும் வாயு 0 டிகிரியில் சுமார் 17.7 பாராகக் குறையும், எண்ணெயும் தடிக்கும். கிருமாம்பாக்கத்து மார்கழிக்கு அவ்வளவு வலு கிடையாது. நம் ஊரில் சீட் மெதுவாக ஏறினால் வாயுவைக் குறை சொல்வதற்கு முன் உராய்வைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அசையாமல் நிற்பது ஏன் கெடுதல் என்பதற்கு விடை பழையது. பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் கூலோம் 1779-இல் ரோஷ்ஃபோர் கப்பல் தளத்தில் மரத்தையும் உலோகத்தையும் ஒன்றன்மேல் ஒன்று இழுத்துப் பார்த்துச் சோதனைகள் செய்தார். அந்த ஆய்வுக்கு 1781-இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசு கிடைத்தது. அவர் கவனித்தவற்றுள் ஒன்று: இரண்டு பரப்புகள் எவ்வளவு நேரம் அசையாமல் தொட்டுக்கொண்டு இருக்கின்றனவோ, அவற்றை அசைக்க அவ்வளவு அதிகமாக இழுக்க வேண்டியிருக்கிறது. ரப்பரில் இது இன்னும் கூடுதல். டிராப்பரின் கழுத்தில் உள்ள ரப்பர் சீல் மேல்குழாயை எப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நாள்பட நாள்பட அந்த இறுக்கத்தில் இடையிலுள்ள கிரீஸ் படலம் பிதுங்கி வெளியேறும். ரப்பர் மெல்லப் படிந்து குழாயின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் அமரும். பிறகு ஒருநாள் லீவரை அழுத்தினால், ஓட்டத்தில் தேவைப்படுவதைப் போலப் பன்மடங்கு விசை முதல் அசைவுக்கே வேண்டும். அது கிடைத்ததும் சீட் ‘டக்’கென்று தாவி, மறுபடி நின்று, மறுபடி தாவும். கதவு கிரீச்சிடுவதும் வயலின் வில் ஒலி எழுப்புவதும் இதே பிடித்து விடும் உராய்வினால்தான். தினம் ஏறி இறங்குகிற மலைநாட்டு டிராப்பரில் ஒவ்வொரு அசைவும் கிரீஸைப் புதிதாகப் பூசிவிடுகிறது. நம்முடையதில் பூச ஆளில்லை.

அடுத்தது உப்பு. கடல் சில கிலோமீட்டரில் இருக்கிறது; மதியத்துக்கு மேல் கடற்காற்று வீசினால் கண்ணுக்குத் தெரியாத உப்புத்துகள் எல்லாவற்றின் மேலும் படியும். சமையல் உப்பான சோடியம் குளோரைடுக்கு ஒரு குணம்: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானே நீரை இழுத்து உப்புக் கரைசலாக மாறிவிடும், அதற்கு நன்றாகக் கீழே போனால் மறுபடி படிகமாகும். நம் கடலோர இரவுகளில் 75-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். ஆக, சீலின் உதட்டுக்கு அடியில் இரவில் உப்புநீர், பகலில் உப்புப் பரல். உள்ளே சீட் பக்கவாட்டில் சுழலாமலிருக்கப் பித்தளைக் கீகள் இருக்கின்றன. அவை குழாயில் வெட்டிய நீளக் காடிகளில் ஓடுகின்றன. பித்தளையும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றாக நனைந்தால் ஒரு குட்டி பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். அனோடைஸ் பூச்சு முழுதாக இருக்கும்வரை கவலையில்லை. கீறல் விழுந்த இடத்தில் வெள்ளைப் பொடி கிளம்பும். அந்தப் பொடி தான் பிறந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடத்தில் அது என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கீறல் எங்கிருந்து வரும்? மண்ணிலிருந்து. வார இறுதியில் வடக்கே ஆரோவில் பக்கத்துச் செம்மண் ஓடைகளுக்குப் போகிறவர்கள் கொண்டுவருவது கடலூர் மணற்கல்லின் தூள். நிறம் இரும்பு ஆக்சைடு, உடம்பு குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் குவார்ட்ஸின் கடினம் 7, அலுமினியமும் பித்தளையும் 3-ஐ ஒட்டி. மெல்லிய அனோடைஸ் பூச்சு மட்டும்தான் நடுவில் காவல். ரப்பரில் புதைந்துவிட்ட ஒரு மணல்துகள் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ஒரே கோட்டில் கீறிக்கொண்டே இருக்கும். பாகூர் வண்டலின் குணம் வேறு. அது கீறாது, ஆனால் காய்ந்தால் ஒட்டிக்கொள்ளும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அதைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பகுதிக் கிராமங்களுக்குள் புகுந்தது. அப்படி நீரில் நின்ற சைக்கிளை மேலே துடைத்தால் மட்டும் போதாது. சீட் குழாய்க்குள் இறங்கிய சேற்றுநீர் அடியில், பெடல் அச்சு இருக்கும் இடம்வரை தேங்கும். போஸ்ட்டைக் கழற்றி, சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வடித்தே ஆக வேண்டும்.

இனி பழுது. இங்கே பலர் செய்யும் தவறு, கார்ட்ரிட்ஜ் போய்விட்டது என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டுவது. அதுதான் விலை அதிகமான பாகம். ஆனால் அதன் முறை கடைசியில்தான் வர வேண்டும். வெளியிலிருந்து உள்ளே போவதுதான் சரியான வழி. மூன்றே சோதனைகளில் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

முதலில் கிளாம்ப். போஸ்ட்டைப் பிரேமோடு பிடிக்கும் அந்த ஒற்றைப் போல்ட்டை நம் ஆட்கள் முழு பலத்தோடு முறுக்குவார்கள், சீட் இறங்கிவிடக் கூடாதே என்று. டிராப்பரின் கீழ்க்குழாய் மெல்லிய அலுமினியம். ஓவர் டைட் செய்தால் அது நூலளவு நசுங்கி, உள்ளே வழுக்கும் மேல்குழாயைக் கவ்விக்கொள்ளும். பல பிரேம்களில் 5 நியூட்டன் மீட்டர் அளவு போதும். உங்கள் பிரேமில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். 5 நியூட்டன் மீட்டர் என்பது 10 சென்டிமீட்டர் நீள எல்-கீயின் நுனியில் சுமார் 5 கிலோ எடை, அவ்வளவுதான். போல்ட்டைக் கால் சுற்று தளர்த்திவிட்டு லீவரை அழுத்துங்கள். சீட் துள்ளி எழுந்தால் வேலை முடிந்தது. குறைந்த இறுக்கத்தில் போஸ்ட் நழுவினால், பிரேமுக்கும் போஸ்ட்டுக்கும் இடையே சொரசொரப்பான கார்பன் பேஸ்ட்டைத் தடவுங்கள்; அங்கே கிரீஸ் வைத்து மேலும் முறுக்குவது வீண்.

அடுத்து கேபிள். போஸ்ட்டை மேலே உருவி, அடியில் கேபிளின் கொண்டையை விடுவித்து, அங்கே உள்ள சிறு நெம்பை விரலால் அழுத்திப் பாருங்கள். இந்த ஒரு சோதனையை நான் மற்ற எல்லாவற்றையும்விட உயர்வாகச் சொல்வேன். விரலால் அழுத்தும்போது சீட் விறுவிறுவென்று எழுந்தால் போஸ்ட் மேல் பழியே இல்லை. கேபிள் தளர்ந்திருந்தால் பின் முழுதாக அழுந்தாது, வால்வு பாதிதான் திறக்கும். சீட் சோம்பலாக ஏறும். கேபிள் இறுக்கமாக இருந்தால் வால்வு முழுதாக மூடாது. உட்கார்ந்து மிதிக்கும்போதே சீட் மெல்ல மெல்ல அமிழும். லீவருக்குப் பக்கத்தில் விரலால் திருகும் சிறு உருளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி இரண்டுக்கும் நடுவே நிறுத்த வேண்டும். கேபிள் துருப்பிடித்திருந்தால் எந்த அட்ஜஸ்ட்மென்டும் நிற்காது. உறைக்குள் வளைந்து ஓடும் கம்பியில் உராய்வு கூட்டலாக ஏறுவதில்லை, பெருக்கலாக ஏறுகிறது: வளைவுகள் மொத்தம் அரை வட்டம், உராய்வெண் 0.15 என்றால் மறுமுனையில் வேண்டியதைப் போல 1.6 மடங்கு இழுக்க வேண்டும். துருவினால் உராய்வெண் 0.3 ஆனால் இரண்டரை மடங்கு. புது ஒயரும் உறையும் மாற்றுவது பிரேக் ஒயர் மாற்றத் தெரிந்த எந்தக் கடையிலும் ஆகிற வேலை. பிரேமுக்குள் உறை மடங்கி நசுங்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால்தான் கழுத்தைத் திறக்க வேண்டும். கீழ்க்குழாயின் தலையில் மரையிட்ட வளையம் ஒன்று இருக்கிறது. அதைக் காலர் என்பார்கள். சீட்டை முழுதாக உயர்த்தி, காலரைத் திருகிக் கழற்றி மேலே நகர்த்துங்கள். கூடவே சீலும், அதன் கீழே பிளாஸ்டிக் புஷ்ஷும் வரும். முதலில் கண்ணில் படுவது கிரீஸ் இல்லை. கிரீஸாக இருந்த ஏதோ ஒன்று. கருஞ்சாம்பல் நிறத்தில் பிசின்மாதிரி, விரலில் எடுத்துத் தேய்த்தால் நறநறக்கும். சீலின் உள்விளிம்பில் செம்மண் ஒரு மெல்லிய வளையமாகப் படிந்திருக்கும்; கடலோரச் சைக்கிளானால் காடியின் அடியில் வெள்ளைப் பொடியும் தெரியும். காலர் மேலே நகர்ந்திருக்கும் இந்த நிலையிலேயே ஒருமுறை லீவரை அழுத்திச் சீட்டைச் சற்று இறக்கி, மறுபடி ஏற்றிப் பாருங்கள். இப்போது சீட் வேகமாக ஏறினால் சிக்கல் கழுத்தில்தான், கார்ட்ரிட்ஜ் நன்றாக இருக்கிறது. இப்போதும் மந்தம் என்றால்தான் கார்ட்ரிட்ஜைச் சந்தேகிக்கலாம்.

சுத்தம் செய்ய நூல் உதிராத துணியும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் போதும். பித்தளைக் கீகளை எடுத்தால் எது எந்தக் காடியில் இருந்தது என்று குறித்துவையுங்கள். தேய்மானம் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விதமாக இருக்கும். ஒரு பக்கம் பளபளவென்று தட்டையாகத் தேய்ந்திருந்தால், சீட் இடமும் வலமும் ஆடியதற்கு அதுவே காரணம். பல தயாரிப்பாளர்கள் சற்றுப் பருமனான கீகளைத் தனியாகவே விற்கிறார்கள். இந்தத் தேய்மானத்துக்கு ஓட்டுபவரின் எடையும் பொறுப்பு. சீட் குழாய் தரைக்கு 75 டிகிரி அளவில் பின்சாய்ந்திருப்பதால், 70 கிலோ ஆள் முழுதாக உட்கார்ந்தால் சுமார் 18 கிலோ பக்கவாட்டில் தள்ளுகிறது. பீரோவின் இழுப்பறையை ஒரு மூலையைப் பிடித்து இழுத்தால் கோணிக்கொண்டு நின்றுவிடுமே, அதே இயற்பியல்தான். சீட்டை இறக்கும்போது அதன் முன்மூக்கில் உட்காராமல் நடுவில் உட்காருங்கள்.

பிறகு கிரீஸ். கையேட்டில் சொன்னதை வாங்கினால் நல்லது. இல்லாவிட்டால் சஸ்பென்ஷனுக்கு என்று விற்கும் மெல்லிய கிரீஸ். சக்கரத்துப் பேரிங்குக்கு வைக்கும் தடித்த கிரீஸை இங்கே அப்பினால், அதன் பிசுபிசுப்பே பதினாறு கிலோவில் ஒரு பங்கைத் தின்றுவிடும். கீகளுக்கும் காடிகளுக்கும் தாராளமாக, சீலின் உதட்டுக்கு மெல்லிதாக. நம் சைக்கிள் கடைகளில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் முக்கிக் கழுவுகிற பழக்கம் ஹப்புக்கும் செயினுக்கும் சரி, டிராப்பரில் வேண்டாம். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எல்லாம் சீலை உப்பவோ வெடிக்கவோ வைக்கும். துருவுக்கு அடிக்கும் ஸ்பிரேயும் அப்படித்தான்: அடித்தவுடன் சீட் வழுக்கிக்கொண்டு ஓடும், உள்ளிருந்த கிரீஸைக் கரைத்துக் கொண்டுபோய்விட்டு, அடுத்த வாரம் முன்னைவிட மோசமாகச் சிக்கும். காலரை மூடும்போது கையால் இறுகும் அளவுக்குக் கொஞ்சம் மேல் போதும்.

இன்னொரு வகைக் கோளாறு உண்டு, அதைச் சீட் சிக்குவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சீட் நன்றாகவே ஏறுகிறது. ஆனால் உட்கார்ந்தால் ஒரு சென்டிமீட்டர் ஸ்பிரிங் மாதிரி அமுங்கி எழுகிறது. பூட்டும் வேலையைச் செய்வது எண்ணெய். எண்ணெய் அமுங்காது, வாயு அமுங்கும். உள்ளே பிரிந்திருக்க வேண்டிய வாயு கசிந்து எண்ணெய்ப் பக்கம் வந்துவிட்டால் இப்படி ஆகும். ‘பைக்யோக் ரிவைவ்’ போன்ற சில மாடல்களில், 2020-க்குப் பிந்தைய ரிவெர்பிலும், அந்த வாயுவைத் திரும்ப அனுப்ப ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கையேட்டைப் பார்த்து வீட்டிலேயே சரிசெய்யலாம். மற்றவற்றில் கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டியதுதான். இந்தக் கசிவை நாமே வரவழைப்பதும் உண்டு: சீட் இறங்கியிருக்கும்போது சீட்டைப் பிடித்துச் சைக்கிளைத் தூக்குவது, பேருந்தின் மேல் ஏற்றும்போது சீட்டில் கயிறு கட்டி இழுப்பது. தூக்குவதானால் பிரேமைப் பிடித்துத் தூக்குங்கள். சைக்கிளை நாள்கணக்கில் நிறுத்தும்போது சீட்டை மேலே ஏற்றியே நிறுத்துங்கள்.

தினம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது லீவரை அழுத்தி நான்கைந்து முறை முழுதாக ஏற்றி இறக்குவதும், கடற்கரைப் பக்கம் போய்வந்தால் ஈரத்துணியால் மேல்குழாயைத் துடைத்து உலர்த்துவதும் செலவில்லாத பராமரிப்பு. மலையில் இருப்பவருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம், பாதையே செய்ய வைத்துவிடும். சமவெளிக்காரர் நினைவு வைத்துச் செய்ய வேண்டும்.

மூன்று சோதனையும் முடிந்து, கார்ட்ரிட்ஜ்தான் குற்றவாளி என்று உறுதியானால் போஸ்ட்டின் பெயர், ஏறி இறங்கும் தூரம், குழாயின் விட்டம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு அதே மாடலுக்கான கார்ட்ரிட்ஜை வரவழைத்து மாற்றுங்கள். பழையதை என்ன இருக்கிறது பார்ப்போம் என்று துளைபோடவோ, அறுக்கவோ, குப்பையோடு சேர்த்து எரிக்கவோ கூடாது. சீட்டைத் தூக்க வலுவில்லாமல் போன கார்ட்ரிட்ஜிலும் ஆளைக் காயப்படுத்தும் அளவு அழுத்தம் மிச்சமிருக்கும்.